பிட்டி தியாகராயர்: வண்ணாரப்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூர் நண்பர் யாராவது வந்தால் டி.எச். ரோடு நெடுகக் காலாற நடத்திக் கூட்டிப்போய்ப் பழைய கதைகளைச் சொல்வது என் வழக்கம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் நீண்ட பிறகு இந்த வேலை கூடிவிட்டது. தியாகராயா கல்லூரி என்று ஒரு நிலையம் இருக்கிறதல்லவா, அந்த அறிவிப்பைக் கேட்டதும் "யார் இவர்?" என்று கேட்காத ஆளில்லை. இதுவரை வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு டீக்கடையில் இரண்டாவது டீ சொல்ல வேண்டியிருக்கும்.

யார் இந்தத் தியாகராயர்?

பிட்டி தியாகராய செட்டியார். 1852 ஏப்ரல் 27இல் பிறந்து 1925இல் மறைந்தவர். நெசவையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகம். மாநிலக் கல்லூரியில் படித்து 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். வணிகர், சென்னை மாநகராட்சியில் சுமார் நாற்பது ஆண்டுகள் உறுப்பினர், மன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் முதல் தலைவர், நீதிக்கட்சியை உண்டாக்கியவர்களில் ஒருவர். பாடநூல்களில் நீதிக்கட்சிதான் முதலில் வரும், மற்றவை அடைப்புக்குறிக்குள் போய்விடும். என் வரிசை வேறு. கட்சியை அவர் நடத்தியது எட்டு ஒன்பது ஆண்டுகள். மாநகராட்சியில் உட்கார்ந்திருந்தது நாற்பது ஆண்டுகள். ஆகவே அவரை முதலில் ஒரு கவுன்சிலராகத்தான் பார்க்கிறேன்.

கீர்த்தனை பாடிய தியாகராஜரா?

இல்லை. அவர் 1847இலேயே மறைந்துவிட்டார். இவர் பிறந்ததே அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. ஆனாலும் எங்கள் பக்கம் இந்தக் குழப்பம் வருவதற்கு நியாயம் உண்டு. திருவொற்றியூர் கோயிலில் வீற்றிருப்பவர் தியாகராஜ சுவாமி. அந்தக் கோயிலுக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் பஞ்சரத்தினம் பாடியவர் நீங்கள் நினைக்கும் தியாகராஜர். வடசென்னையில் எத்தனையோ பஞ்சம் இருந்திருக்கிறது. தியாகராஜன்களுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை.

வண்ணாரப்பேட்டைக்காரரின் பெயர் மாம்பலத்துக்கு எப்படிப் போனது?

1920களில் மாம்பலம் பக்கம் இருந்த பெரிய ஏரியை வற்றவைத்துப் புதிய குடியிருப்புப் பகுதியை அமைத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. கட்சித் தலைவர் பெயர் ஊருக்குப் போயிற்று, தியாகராய நகர் ஆயிற்று. மற்றவர்கள் தெருக்களையும் பூங்காக்களையும் பங்கிட்டுக்கொண்டார்கள். பனகல் பூங்கா பனகல் அரசருக்கு, நாயர் ரோடு டி.எம். நாயருக்கு, நடேசன் பூங்கா நடேச முதலியாருக்கு. கட்சிக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டைக் கிழித்து வரைபடத்தில் ஒட்டியதுபோல இருக்கும்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மனிதர் வாழ்ந்ததும் தறி ஓட்டியதும் வடக்கே. பெயர் தெற்கே போய், நகைக்கடைகளுக்கும் பட்டுப்புடவைகளுக்கும் நடுவில் 'தி.' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. தி. நகரில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவரிடம் அந்த 'தி.'க்கு விரிவு கேட்டேன். "திருமலையா?" என்றார்.

அவருடைய தொழில் என்ன? வசதியானவரா?

வசதியானவர்தான். தோல் பதனிடுதல், உப்பளம், சுண்ணாம்புக் காளவாய் என்று பல தொழில்கள் இருந்தன. 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவராக இருந்து, பிறகு நீண்டகாலம் அதன் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவருடைய மனம் இருந்தது நெசவில்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பேட்டையின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. இன்னும் கொஞ்சம் வடக்கே, கவர்னர் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை, மக்கள் வாயில் புகுந்து காலாடிப்பேட்டை ஆகிவிட்டது. அதுவும் இப்போது ஒரு மெட்ரோ நிலையம். நெய்வது ஒரு தெரு, வெளுப்பது அடுத்த தெரு, கப்பலேற்றுவது கூப்பிடு தூரத்தில். துணிதான் இந்தப் பக்கத்தின் முதல் அரசியல் என்றுகூடச் சொல்வேன்.

தியாகராயர் சுமார் நூறு தறிகளை வைத்து நடத்தியவர். விசைநாடாவைத் தம் தறிகளில் போட்டுச் சோதித்துப் பார்த்தவர். பழைய குழித்தறியில் நெசவாளி ஒவ்வொரு முறையும் நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். விசைநாடாவில் கயிற்றை இழுத்தால் அதுவாகவே ஓடித் திரும்பும். வேகம் கூடும், கைக்கு எட்டாத அகலத்திலும் துணி நெய்யலாம். ஆலைத் துணி வந்து கைத்தறியை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. தறியை மேம்படுத்தினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய ஆட்களில் இவரும் ஒருவர்.

மாநகராட்சியில் நாற்பது ஆண்டுகள் என்ன செய்தார்?

தண்ணீர், சாக்கடை, வரி. அன்றும் ஒரு கவுன்சிலரின் வாழ்நாள் இந்த மூன்றிலும்தான் கழிந்தது.

அவர் உள்ளே போனது 1882 வாக்கில். உள்ளாட்சிகளில் இந்தியர்களுக்குக் கொஞ்சம் இடம் தரலாம் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் போட்ட ஆண்டும் அதுதான். இதை இன்றைய ஜனநாயகத்தோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. வரி கட்டுகிற வசதி உள்ளவர்களுக்கே ஓட்டு. தலைவர் நாற்காலியில் அரசு நியமித்த அதிகாரி இருப்பார். உறுப்பினர்கள் பேசலாம், எதிர்க்கலாம், கடைசியில் அவர் சொன்னது நடக்கும்.

அந்த நாற்பது ஆண்டுகளில் ஊரின் தண்ணீர் ஏற்பாடு எப்படி மாறியது என்று பார்த்தால் ஒரு கவுன்சிலரின் பொறுமை எவ்வளவு நீளம் என்பது தெரியும். செங்குன்றம் ஏரித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரும் ஏற்பாடு 1872இல் நடைமுறைக்கு வந்தது. வந்தது திறந்த கால்வாய் வழியாக. வழியில் மனிதரும் மாடும் செய்வதையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் படுகையில் வடிகட்டிச் சுத்தம் செய்யும் நீரேற்று நிலையம் திறந்தது 1914இல். நடுவில் நாற்பத்திரண்டு ஆண்டுகள். கலங்கல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஊருக்காக மன்றத்தில் மறுபடி மறுபடி எழுந்து பேசுவதுதான் அந்தக் காலத்து உறுப்பினர் வேலை. இதற்கெல்லாம் நகர் வைக்க மாட்டார்கள்.

அவர் சென்னையின் முதல் மேயரா?

இல்லை. சுவரொட்டிகளில் அப்படிப் போடுகிறார்கள், தவறு. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியபோதே மேயர் இருந்தார். பெயர் நத்தானியேல் ஹிக்கின்சன். பிற்பாடு அந்தப் பட்டம் வழக்கொழிந்து, 1933இல் திரும்பி வந்தது. அப்போது மேயரானவர் ராஜா சர் முத்தையா செட்டியார். இடைக்காலத்தில் பதவியின் பெயர் 'தலைவர்'. 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தை ஒட்டி, அரசு நியமிக்காமல் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த முதல் தலைவர் தியாகராயர். என் கணக்கில் இது மேயர் பட்டத்தைவிடப் பெரியது. நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியை எதிரில் உட்கார்ந்து பார்த்தவர் கடைசியில் அதில் உட்கார்ந்தார்.

மதிய உணவுத் திட்டத்தை அவர்தான் தொடங்கினாரா?

ஆம். ஆனால் "அவர்தான் முதல்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. விவரத்தில்தான் சுவை இருக்கிறது.

1920 செப்டம்பர் 16. மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. தலைவர் தியாகராயர் சொன்ன காரணம், அங்கே படிக்கிறவர்கள் ஏழைகள், பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை அந்த ஏழ்மை பெரிதும் பாதிக்கிறது என்பது. அவ்வளவுதான். பசியைப் பற்றிக் கண்ணீர் வரும்படி அவர் பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், கணக்குப் போட்டார். ரூபாய்க்குப் பதினாறு அணா. நூறு பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஆறேகால் ரூபாய். தறிக்கு எவ்வளவு நூல் போகும் என்று பார்ப்பவரின் கணக்கு இது.

கவனியுங்கள், பள்ளி இருந்தது ஆயிரம் விளக்கில். தன் பேட்டைப் பள்ளியில் தொடங்கிப் பெயர் வாங்கியிருக்கலாம். இன்றைய கணக்கில் அப்படிச் செய்யாமல் விட்டது பெரிய பிழை.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இரட்டிப்புக்கும் மேல். ஓர் அணாவுக்கு இதைவிட நல்ல வரவு எந்த வணிகத்திலும் இல்லை.

நான் சத்துணவு வரிசையில் அலுமினியத் தட்டோடு நின்றவன். அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டுதான். 1956இல் மதிய உணவைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்ற காமராசர், 1982இல் அதைச் சத்துணவாக விரித்த எம்.ஜி.ஆர். எங்கள் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் தியாகராயர் பெயரில் கல்லூரியே இருந்தும் மூன்றாவது பெயரை யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஏன் நின்றுபோனது?

பணம் எந்தத் தலைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற கேள்வியில் நின்றது. தொடக்கக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்துவிட்டது. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு சிற்றுண்டி போயிற்று. அந்த ஆண்டுதான் அவரும் மறைந்தார்.

காங்கிரஸ்காரரா, நீதிக்கட்சிக்காரரா?

முதலில் காங்கிரஸ். 1916க்குப் பிறகு நீதிக்கட்சி. 1916 நவம்பர் 20இல் வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் கூடிய கூட்டத்தில்தான் விதை விழுந்தது. அடுத்த மாதம் தியாகராயர் பெயரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. சென்னை மாகாணத்தின் சுமார் நான்கு கோடி பிராமணரல்லாத மக்களுக்கு அரசு வேலையிலும் பதவிகளிலும் உரிய இடமில்லை என்று எண்களோடு வாதிட்ட அறிக்கை அது. 'தென்னிந்திய நல உரிமைச் சங்கம்' என்பது கட்சியின் முழுப்பெயர். 1917இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளேட்டின் பெயரால் ஜஸ்டிஸ் கட்சி, தமிழில் நீதிக்கட்சி. 'திராவிடன்' அதன் தமிழ் ஏடு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. கட்சியின் இன்னொரு தூணான டாக்டர் டி.எம். நாயரும் மாநகராட்சி உறுப்பினர்தான். இருவரும் மன்றத்தில் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். திருவல்லிக்கேணியில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த நடேச முதலியார்தான் இருவரையும் பேசிப்பேசி ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டின் நூறாண்டு அரசியல், இரண்டு கவுன்சிலர்களின் சண்டையைத் தீர்த்துவைத்ததில் தொடங்கியது என்றால் மிகையில்லை. நாயர் 1919இல் லண்டனில் காலமானார். பாரம் முழுவதும் தியாகராயர் தோளில் விழுந்தது.

கோயில் விழாவில் அவரை மேடையேற விடவில்லை என்கிறார்களே?

பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தவரைக் குடமுழுக்கின்போது கீழே நிற்கவைத்துவிட்டு, அவரிடம் வேலை பார்த்த பிராமணரை மேலே ஏற்றினார்கள். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கட்சி என்பது கதை. மேடைப் பேச்சாளர்களுக்கு இதில் தனிப் பிரியம். ஒருவர் மயிலாப்பூர் என்பார், இன்னொருவர் திருவல்லிக்கேணி என்பார். அப்படிப்பட்ட அவமதிப்புகள் அந்தக் காலத்தில் தினசரிச் செய்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய வணிகர் ஒருவர் கட்சி தொடங்க ஒரு மேடைதான் காரணம் என்பது எனக்குச் சிறிய காரணமாகப் படுகிறது. அறிக்கையில் இருப்பவை வேலைக் கணக்கும் படிப்புக் கணக்கும்தான்.

அப்படியானால் நாத்திகரா?

இல்லவே இல்லை. பக்திமான். கோயில்களுக்கு வாரி வழங்கியவர். திராவிட இயக்கம் என்றாலே கடவுள் மறுப்பு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்றது உண்மையா?

உண்மை. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சி 63ஐப் பிடித்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு ஆட்சியமைக்க அழைத்தது தியாகராயரை. அவர் மறுத்துவிட்டுக் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். அடுத்த ஆண்டே சுப்பராயலு உடல்நலம் கெட்டு விலக, பனகல் அரசர் வந்தார். அப்போதும் தியாகராயர் வரவில்லை.

கட்சித் தலைவர் ஆட்சிக்கு வெளியே இருக்க வேண்டும் என்று எண்ணினார் என்பார்கள். தியாகத்தின் சிகரம் என்று மாலை போடுவார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றும். இரட்டையாட்சியில் போலீசும் நிதியும் வெள்ளைக்காரர் கையில். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டுமே அமைச்சர்களுக்கு. அதே 1920இல் அவர் ரிப்பன் மாளிகையில் தலைவர் நாற்காலியில் இருந்தார். எந்த நாற்காலியிலிருந்து அதிகம் செய்யலாம் என்று நாற்பது ஆண்டு அனுபவஸ்தருக்குத் தெரியாதா? இது என் ஊகம்தான்.

'வெள்ளுடை வேந்தர்' பட்டம் எப்படி வந்தது?

எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. 1922இல் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது, அரசு மரியாதைக்குரிய அங்கியைப் போடாமல் தம் வெள்ளையுடையிலேயே வரவேற்க அனுமதி பெற்றார் என்று சொல்வார்கள். அந்த வருகையைக் காங்கிரஸ்காரர்கள் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அங்கியில் தன்மானம் காத்தார், ஆனால் வரவேற்பு வரவேற்புதான் என்று அவரை அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். 'சர்' பட்டமும் அவர்களுக்கு உறுத்தியது.

அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது, அதுவும் வடசென்னையிலேயே. 1921இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையில், எங்கள் வாய்க்குப் பின்னி ஆலையில், பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். தொழிற்சங்கச் சண்டை சாதிச் சண்டையாகிப் புளியந்தோப்பு எரிந்தது. குடிசைகள் போயின, துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்த நேரத்தில் நீதிக்கட்சியின் குரல் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. அரசு அவர்களுக்குச் சலுகை காட்டுவதே கலவரத்துக்குக் காரணம் என்ற ரீதியில் கட்சிக்காரர்கள் பேசினார்கள். தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். தலைவர் என்ற முறையில் தியாகராயருக்கு இதில் பொறுப்பு உண்டு. ஓர் அணாச் சிற்றுண்டியைச் சொல்லும் வாய் இதையும் சொல்ல வேண்டும். புளியந்தோப்பில் போய் அவரைப் பற்றிப் பேசினால், பெரியவர்கள் யாராவது இதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

இன்றைய கவுன்சிலர்களோடு ஒப்பிட முடியுமா?

கடினம். இன்று மாநகராட்சிக்கு 200 வார்டுகள், 15 மண்டலங்கள். எண்ணிக்கை வடக்கிலிருந்துதான் தொடங்குகிறது. முதலாவது மண்டலம் திருவொற்றியூர். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. பாதி இடம் பெண்களுக்கு. 2022 மார்ச் 4இல் மேயரான ஆர். பிரியா, திரு.வி.க. நகர் மண்டலத்து 74ஆவது வார்டிலிருந்து வந்தவர். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அதே மண்டலத்துக்குள்தான் புளியந்தோப்பு இருக்கிறது. மண்டலத்தின் பெயருக்குரிய திரு.வி.க.வோ 1921இல் அந்த ஆலைத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்களில் ஒருவர்.

அவர் நினைவாக வடக்கே என்ன இருக்கிறது? எங்கே போய்ப் பார்க்கலாம்?

டி.எச். ரோட்டில் அவர் பெயரில் பள்ளியும், 1950இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கின்றன. மெட்ரோவில் வந்தால் கல்லூரி நிலையத்திலேயே இறங்கலாம். ரிப்பன் மாளிகை வளாகத்தில் சிலை இருக்கிறது. பெயரிட்ட அரங்கம் தி. நகரில். காலையில் வந்தால் நல்லது, மாலையில் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் தியாகராயரை மறந்துவிட்டுப் புடவை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். பலர் போயிருக்கிறார்கள்.

தியாகராயரா, தியாகராஜரா, தியாகராய செட்டியாரா? எப்படி எழுதுவது?

மூன்றும் எழுதுகிறார்கள். 'ராஜ' என்பது தமிழில் 'ராய' ஆகும், அவ்வளவுதான். சாதிப் பெயரை விட்டுத் 'தியாகராயர்' என்று எழுதுவதே இப்போது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் எதையும் எழுதுவதில்லை. அவர்களுக்கு அது 'தியாகராயா ஸ்டேஷன்'. தண்டையார்பேட்டைக்கு முந்தைய நிறுத்தம்.